கிறிஸ்மஸ் ராத்திரியில் தென்சிலுவை எங்கே போனது?

கேள்வி: எங்கள் ஊர் கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரைக் கிராமமான கடியபட்டணம். ஒரு பெரிய வெள்ளி இரவில் கோயிலிலிருந்து திரும்பும்போது, கடலுக்கு மேலே சிலுவை வடிவில் நான்கு நட்சத்திரங்களை அப்பா காட்டினார். கிறிஸ்மஸ் லீவுக்கு வந்த பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்று இரவு 9 மணிக்குக் கடற்கரைக்குப் போனால், அதைக் காணோம். எங்கே போயிற்று? எப்போது பார்க்கலாம்?

பதில்: இடம் சரி, நேரம்தான் தவறிவிட்டது. விடியற்காலை 5 மணிக்குப் பிள்ளைகளை எழுப்பிக் கூட்டிப் போயிருந்தால், தெற்கே, சற்றுக் கிழக்காக, தென்சிலுவை ஏறி வந்திருக்கும்.

பூமி தன்னைத்தானே சுற்றுவதால் வானம் மணிக்கு 15 பாகை (டிகிரி) மேற்கே நகர்கிறது. அதனால் ஒரே இரவில் சில நட்சத்திரக் கூட்டங்கள் மறையும், சில உதிக்கும். இது எளிது. மாதக்கணக்கில்தான் பலரும் குழம்புகிறார்கள்.

பூமி ஒரு முழுச் சுற்றை 23 மணி 56 நிமிடத்தில் முடித்துவிடுகிறது. அதற்குள் சூரியனைச் சுற்றும் பாதையிலும் ஏறக்குறைய ஒரு பாகை நகர்ந்திருக்கும். அதனால் சூரியன் மறுபடி உச்சிக்கு வர இன்னும் 4 நிமிடம் சுழல வேண்டியிருக்கிறது. நம் கடிகாரம் சூரியனைப் பார்த்து ஓடுகிறது, நட்சத்திரங்கள் அதற்குக் காத்திருப்பதில்லை. அவை தினமும் 4 நிமிடம் முந்தியே உதிக்கின்றன. மாதத்துக்கு 2 மணி நேரம், 12 மாதத்துக்கு 24 மணி நேரம்.

பிள்ளைகளுக்கு விளக்க, அறை நடுவில் குத்துவிளக்கை வைத்து, அதற்கு முதுகைக் காட்டியபடியே சுற்றி வரச் சொல்லுங்கள். எதிரே தெரியும் சுவர் மாறிக்கொண்டே போகும். விளக்குதான் சூரியன், முதுகு காட்டி நிற்பதுதான் இரவு. கார்த்திகை தீபத்தன்று பொழுது சாயும்போது கிழக்கே எழும் கார்த்திகைக் கூட்டம், வைகாசி தொடக்கத்தில் சூரியனோடு சேர்ந்தே உதித்து மறைவதால் கண்ணில் படாது.

'மாதத்துக்கு 2 மணி' என்பதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள், மொபைல் ஆப் தேவையில்லை. டிசம்பர் 25 காலை 5 மணிக்கு உள்ள அதே நட்சத்திர வானம் ஜனவரி 25-ல் 3 மணிக்கு, பிப்ரவரியில் 1 மணிக்கு, மார்ச்சில் இரவு 11-க்கு, ஏப்ரல் 25-ல் இரவு 9-க்கே வந்துவிடும். வியாழன், சனி போன்ற கோள்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. அவை தாமும் நகர்கிறவை.

நம் மாவட்டம் 8 பாகை வட அட்சத்தில் இருப்பதால் வடக்கே துருவ நட்சத்திரமும் 8 பாகை உயரத்தில்தான் நிற்கும். நாகர்கோவில் பக்கம் மலையோ தென்னந்தோப்போ அதை மறைத்துவிடலாம். தெற்கே நமக்கு யோகம். தென்சிலுவை உச்சம் தொடும்போது அடிவானத்திலிருந்து 20 பாகைக்கு மேல் நிற்கும். கையை நீட்டி முஷ்டி மடக்கினால் ஒரு முஷ்டி சுமார் 10 பாகை, அப்படி இரண்டு முஷ்டி. மார்ச் கடைசியில் நள்ளிரவு தாண்டியும், ஏப்ரல் கடைசியில் இரவு பத்தேகாலுக்கும், மே நடுவில் ஒன்பதேகாலுக்கும் நேர் தெற்கில் இருக்கும். பெரிய வெள்ளி எந்தத் தேதியில் விழுந்தாலும் இரவு 11 மணிக்குத் தெற்கே பார்த்தால் போதும். அப்போது பௌர்ணமியை ஒட்டிய நிலவு இருக்கும், ஆனாலும் அந்த நட்சத்திரங்களின் பிரகாசத்துக்கு அது பெரிய தடையில்லை. மே லீவு என்றால் முதல் பாதியிலேயே பார்த்துவிடுங்கள், பிறகு தென்மேற்குப் பருவமழை மேகம் வந்துவிடும். கன்னியாகுமரி முனையில் விளக்கு வெளிச்சம் அதிகம். முட்டம், சொத்தவிளை பக்கம் இருட்டான இடம் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் தென்சிலுவைக்கு முன்பே, அதைவிடப் பெரிய, மங்கலான 'பொய்ச் சிலுவை' ஒன்று மேலே வந்துவிடும். பலர் அதைக் காட்டித் திருப்தியாகிவிடுகிறார்கள். உண்மையான சிலுவைக்கு இடப்புறம், அதாவது கிழக்கே, பளிச்சென்று இரண்டு நட்சத்திரங்கள் பின்தொடரும். அவை இன்னும் ஏறவில்லை என்றால் ஒரு மணி நேரம் பொறுத்துப் பாருங்கள்.