கேள்வி-பதில்: கிறிஸ்தவத்தின் தொடக்கம்

இயேசு கி.பி. 1-இல்தானே பிறந்தார்? எங்கள் புத்தகத்தில் 'கி.மு. 4' என்று இருக்கிறது. அச்சுப் பிழையா?
*ஏழாம் வகுப்பு மாணவி, தஞ்சாவூர்*

பிழை இல்லை. ஏரோது மன்னன் உயிரோடிருந்தபோது இயேசு பிறந்தார் என்கிறது பைபிளின் மத்தேயு நூல். ஏரோது இறந்தது கி.மு. 4. ஆகவே பிறப்பை கி.மு. 6-க்கும் 4-க்கும் இடையில் வைக்கிறோம். கி.பி. கணக்கு பின்னால் வந்தது. 525-இல் ரோமில் இருந்த டயோனீசியஸ் என்ற துறவி போட்ட கணக்கு அது, அதில் சில ஆண்டுகள் தவறிவிட்டன. இன்னொன்றையும் கவனி: கி.மு. 1 முடிந்தால் நேராகக் கி.பி. 1. நடுவில் 0 என்று ஓர் ஆண்டு கிடையாது. கி.மு. 4 முதல் கி.பி. 30 வரை 34 அல்ல, 33 ஆண்டுகள்.

'கிறிஸ்து' என்பது குடும்பப் பெயரா?
*ஆறாம் வகுப்பு மாணவர், மதுரை*

இல்லை, பட்டம். எபிரேயத்தில் மேசியா, கிரேக்கத்தில் கிறிஸ்தோஸ். இரண்டுக்கும் எண்ணெய் பூசி அபிஷேகம் செய்யப்பட்டவர் என்று பொருள்.

புதிய ஏற்பாட்டில் மத்தேயுதான் முதலில் இருக்கிறது. முதலில் எழுதப்பட்டதும் அதுதானே?
*ஆசிரியை, திருநெல்வேலி*

அடுக்கிய வரிசை வேறு, எழுதிய வரிசை வேறு. நமக்குக் கிடைத்தவற்றில் பழையவை, ஆதிச் சபைகளுக்குப் போதகரான பவுல் எழுதிய கடிதங்கள், ஏறத்தாழ 50 முதல் 60 வரை. தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் கடிதமே மிகப் பழையது என்பது பெரும்பாலோர் முடிவு. மாற்கு, எருசலேம் ஆலயம் இடிபட்ட 70-ஐ ஒட்டி எழுதப்பட்டது. மத்தேயுவும் லூக்காவும் 80-90 வாக்கில், யோவான் 90-க்கு மேல். மாற்கில் உள்ளதில் பத்தில் ஒன்பது பங்கு மத்தேயுவிலும் இருப்பதைப் பக்கத்தில் பக்கம் வைத்துக் காட்டுங்கள், வகுப்புக்கு உடனே பிடிபடும். முதல் நாளே ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: சுவிசேஷமும் நற்செய்தியும் ஒன்று, நிருபமும் திருமுகமும் ஒன்று (இரண்டும் கடிதம்தான்). சொல்லாவிட்டால் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) பிள்ளைகளும் கத்தோலிக்கப் பிள்ளைகளும் வேறு வேறு நூல்களைப் படிப்பதாக நினைத்துக்கொள்வார்கள்.

'யூதர்கள் இயேசுவைக் கொன்றார்கள்' என்று விடைத்தாளில் எழுதலாமா?
*எட்டாம் வகுப்பு மாணவர், வேலூர்*

எழுதக் கூடாது. சிலுவை ரோமானியர் கொடுத்த தண்டனை. ஆணையிட்டவர் பொந்தியு பிலாத்து, 26 முதல் 36 வரை யூதேயாவின் ஆளுநர். அவர் பெயர் பொறித்த சுண்ணாம்புக்கல் ஒன்று 1961-இல் செசரியாவில் பழைய அரங்கத்தைத் தோண்டியபோது கிடைத்தது. ஆலயத் தலைமையில் இருந்த சிலர் இயேசுவை எதிர்த்தார்கள் என்பது சுவிசேஷங்களில் உண்டு. சிலர் என்றால் சிலர்தான், ஓர் இனம் அல்ல. இயேசுவும் அவர் தாயும் பன்னிரு சீடர்களும் பவுலும் யூதர்களே. இந்த ஒரு வரியைக் காரணம் காட்டி ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் யூதர்களை அடித்து விரட்டினார்கள்.

கான்ஸ்டன்டைன் 313-இல் நிசேயா சங்கத்தைக் கூட்டி, பைபிளைத் தொகுத்து, கிறிஸ்தவத்தை அரச மதமாக்கினார். சரிதானே? மகளுக்கு நாளை தேர்வு, சுருக்கமாகச் சொல்லவும்.
*பெற்றோர், கோயம்புத்தூர்*

மூன்று தவறுகளை ஒரே மூச்சில் எழுதிவிட்டுச் சுருக்கம் கேட்கிறீர்கள். பாடப்புத்தகத்தை ஒருமுறை திறந்திருந்தாலே முதல் தவறு தெரிந்திருக்கும். இதே குழப்பம் கையேடுகளிலும் வினாத்தாள்களிலும் திரும்பத் திரும்ப வருவதால் விரிவாகவே சொல்கிறேன்.

313-இல் மிலானில் ரோமப் பேரரசர்கள் கான்ஸ்டன்டைனும் லிசினியஸும் உடன்பட்டது இவ்வளவுதான்: எவரும் தமக்கு விருப்பமான மதத்தைப் பின்பற்றலாம், கிறிஸ்தவர்களிடம் பறித்த இடங்களைத் திருப்பித் தர வேண்டும். அது அனுமதி, அரச மதம் அல்ல.

நிசேயா சங்கம், அதாவது ஆயர்களின் மாநாடு, 325-இல் கூடியது. ஊர் இன்றைய துருக்கியின் இஸ்னிக். ஏறத்தாழ 300 ஆயர்கள். தலையாய வழக்கு ஆரியுஸ் என்ற குருவின் போதனை: குமாரனாகிய இயேசு படைக்கப்பட்டவரா, பிதாவோடு ஒரே தன்மையுள்ளவரா? ஈஸ்டர் நாளையும் பேசினார்கள். பைபிளில் எந்தெந்த நூல்கள் என்று அங்கே முடிவு செய்யவில்லை. புதிய ஏற்பாட்டின் இன்றைய 27 நூல்களும் அப்படியே உள்ள பட்டியலை நாம் முதலில் பார்ப்பது 367-இல், அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுஸின் ஈஸ்டர் கடிதத்தில்.

அரச மதமாக்கிய ஆணை 380-இல் வந்தது, பேரரசர் தியோடோசியஸ் காலத்தில். கான்ஸ்டன்டைன் 337-இலேயே ஞானஸ்நானம் பெற்ற கையோடு இறந்துவிட்டார். இடையில் 361-இல் பட்டத்துக்கு வந்த ஜூலியன் பழைய தெய்வ வழிபாட்டையே மீட்கப் பார்த்தார். 313-இலேயே எல்லாம் முடிந்திருந்தால் அது எப்படி நடக்கும்?

மகளிடம் ஒரு நீளத் தாளைக் கொடுங்கள். 10 ஆண்டுக்கு 1 செ.மீ. என்று கோடு போட்டால் 313-க்கும் 380-க்கும் நடுவே ஏறத்தாழ 7 செ.மீ. வரும், ஒரு தீப்பெட்டியை விட நீளம். ஒவ்வொரு ஆண்டின் கீழும் ஆள், ஊர், செயல் மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். வெறும் ஆண்டை மனப்பாடம் செய்தால் இப்படித்தான் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

கிறிஸ்தவர்கள் 300 ஆண்டுகள் சுரங்கங்களில் ஒளிந்தா வாழ்ந்தார்கள்?
*ஏழாம் வகுப்பு மாணவர், நாகர்கோவில்*

இல்லை. ரோமில் உள்ள அந்தச் சுரங்கங்கள் கல்லறைகள், குடியிருப்பு அல்ல. வழிபாடு பெரும்பாலும் வீடுகளில் நடந்தது. துன்புறுத்தலும் இடைவிடாமல் நடக்கவில்லை. 64-இல் பேரரசர் நீரோ செய்தது ரோம் நகரத்தில். பேரரசு முழுவதற்குமான ஆணைகள் 250-இல் டேசியஸ் காலத்திலும், 303 முதல் டயோக்ளீஷியன் காலத்திலும் வந்தன. இங்கும் அதேதான்: ஆள், ஊர், செயல்.

புனித தோமா 52-இல் இந்தியாவுக்கு வந்தது வரலாறா?
*ஆசிரியர், சென்னை*

மரபு. கேரளக் கிறிஸ்தவர்களும் மயிலாப்பூரும் நெடுங்காலமாகக் காத்துவரும் மரபு, அதை மதித்தே கற்பியுங்கள். தோமாவின் இந்தியப் பயணத்தைச் சொல்லும் சிரியாக் நூல் 3-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. மலபாரில் கிறிஸ்தவர்கள் இருந்ததை 6-ஆம் நூற்றாண்டில் கோஸ்மாஸ் என்ற வணிகர் எழுதியிருக்கிறார். "52-இல் வந்தார் என்பது மரபு" என்று எழுதிய மாணவருக்கு முழு மதிப்பெண் கொடுங்கள்.