கனவுக்கு மூடுபனி தேவையில்லை

கேள்வி: கோத்தகிரிக்கு அருகில் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருப்பான லைன் வீட்டில் வளர்ந்தவள் நான். இப்போது குன்னூரில் கணக்கு எழுதும் வேலை. பழைய டிஎஸ்எல்ஆர் கேமராவும் 18–55 லென்சும் வைத்திருக்கிறேன். கனவைப் போன்ற கலைப்படங்கள் எடுக்க ஆசை. மூடுபனியில் மரங்கள், தனியே நடக்கும் பெண், கலங்கலான வெளிச்சம் என்று எடுத்து ஒரு போட்டிக்கு அனுப்பினேன். "மூடுபனி நன்றாக இருக்கிறது, படம் எங்கே?" என்று நடுவர் கேட்டுவிட்டார். எனக்கு அடிக்கடி ஒரு கனவு வரும். இறந்துபோன என் பாட்டி கொழுந்துக் கூடை நிறையத் தண்ணீர் சுமந்து எடை போடும் இடத்துக்கு வருவார். ஒரு சொட்டுகூட ஒழுகாது. இதை எப்படிப் படமாக்குவது? தூங்குபவர்களையும் எடுக்க விரும்புகிறேன். அம்மா கூடவே கூடாது என்கிறார். செயற்கை நுண்ணறிவுச் செயலியில் கனவை எழுதிக் கொடுத்தால் நொடியில் படம் வருகிறதே, நான் ஏன் சிரமப்பட வேண்டும்? உதகை பிலிம் தொழிற்சாலையில் வேலை பார்த்த தாத்தா விட்டுச்சென்ற, காலாவதியான கறுப்பு-வெள்ளை போட்டோ தாள் பெட்டி ஒன்றும் இருக்கிறது. அது எதற்காவது உதவுமா?
- ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: நடுவர் கேட்ட விதம் உங்களைப் புண்படுத்தியிருக்கலாம், ஆனால் கேள்வி நியாயமானது. தென்மேற்குப் பருவக்காற்றின் மாதங்களில் அவலாஞ்சியும் கூடலூரும் மேகத்துக்குள் கிடக்கின்றன. அக்டோபருக்குப் பிறகு வடகிழக்குப் பருவமழை வரும்போது அதே மேகம் கோத்தகிரிப் பக்கச் சரிவுகளில் வந்து அமர்கிறது. சமவெளியிலிருந்து வருகிறவர்களுக்கு அது அதிசயம், உங்களுக்கோ துவைத்த துணி காயாத தொல்லை. நீங்கள் விவரித்திருக்கும் படங்களில் மூடுபனி இருப்பதற்குக் காரணம் கோத்தகிரியே தவிர, உங்கள் கனவு அன்று. அந்தப் படங்களை அதே வளைவில் வண்டியை நிறுத்தும் எந்தச் சுற்றுலாப் பயணியும் எடுத்துவிட முடியும். பாட்டியின் தண்ணீர்க் கூடையை வேறு யாராலும் எடுக்க முடியாது. நீங்கள் கடைசியில் சொன்னதைத்தான் முதலில் எடுத்திருக்க வேண்டும்.

கனவு மங்கலானது என்று நாம் எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கிறோம். விழித்த பிறகு நினைவுதான் மங்குகிறது. காணும் பொழுதில் கனவு மிகவும் துல்லியமாகவே இருக்கிறது. ஆண்டாள் தோழியிடம் சொல்லும் கல்யாணக் கனவை நினைத்துப் பாருங்கள். ஆயிரம் யானைகள் சூழ வருகின்றன, எதிரே பொற்குடம் வைக்கிறார்கள், எங்கும் தோரணம் நாட்டுகிறார்கள், பந்தலில் முத்துமாலைகள் வரிசையாகத் தொங்குகின்றன. கைப்பிடிப்பதும் அம்மி மிதிப்பதும் பொரியிடுவதும் முறை தவறாமல் நடக்கின்றன. அதில் எங்குமே புகைமூட்டம் கிடையாது. எல்லாம் ஊர் வழக்கப்படி நடக்கும் அந்தக் கல்யாணத்தில் மாப்பிள்ளை மட்டும் திருமால். சுற்றியுள்ள யாவும் சரியாக இருப்பதனால்தான், இருக்க முடியாத அந்த ஒன்று நம்மை உலுக்குகிறது. கனவுப் படம் எடுக்க விரும்புகிறவருக்கு இதைவிட நல்ல பாடத்தை நான் அறியேன்.

ஒளிப்பட வரலாற்றிலும் இதற்குச் சான்று உண்டு. ஜெர்மனியில் பிறந்து அர்ஜென்டினாவில் குடியேறிய கிரேட்டே ஸ்டெர்ன் என்னும் பெண்மணி, 1948 முதல் 1951 வரை 'இதிலியோ' என்ற பெண்கள் வார இதழுக்காக, வாசகிகள் எழுதி அனுப்பிய கனவுகளை வெட்டி ஒட்டிய ஒளிப்படங்களாக உருவாக்கினார். அவ்வாறு 100-க்கும் மேற்பட்ட படங்கள் வந்தன. கனவுக்கு விளக்கம் எழுத வேறொருவர் இருந்தார். ஸ்டெர்னின் வேலை படம் மட்டுமே. (கேள்வி-பதில் பகுதி எழுதுகிறவன் என்ற முறையில் அந்தப் பத்தியின்மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு.) அவற்றுள் புகழ்பெற்ற ஒன்றில், மேசை விளக்கின் தண்டாக ஒரு பெண் அமர்ந்திருக்கிறாள், விளக்கின் பொத்தானை அழுத்த ஓர் ஆணின் பெரிய கை நீள்கிறது. விளக்கும் பெண்ணும் கையும் தெளிவாகத் தெரிகின்றன. அளவும் உறவும் மட்டுமே பிசகியிருக்கின்றன. அந்தப் படத்தை மங்கலாக எடுத்திருந்தால், வீட்டில் ஒரு பொருளாகிவிட்ட பெண்ணின் அச்சம் நமக்கு வந்து சேர்ந்திராது.

உங்கள் கனவிலும் பிசகியிருப்பது ஒன்றே ஒன்றுதான்: கூடையில் தண்ணீர் நிற்கிறது. பாதையும் புதரும் தலையில் மாட்டிய கயிறும் இடுப்பில் கட்டிய படுதாவும் எடை போடும் இடமும் அன்றாடம் நீங்கள் பார்த்தவை. அவற்றில் கை வைக்காதீர்கள். கூடை ஒழுக வேண்டியது என்பது பார்ப்பவருக்குத் தெரிந்தால்தான், ஒழுகாதது அதிசயமாகும். ஆகவே மூங்கில் பின்னலின் இடைவெளிகளுக்குள் வெளிச்சம் புகுந்து வருமாறு, சூரியன் கூடைக்குப் பின்னால் தாழ்வாக இருக்கும் மாலை நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். கூடை நிறையத் தண்ணீர் ஊற்ற வேண்டாம். பத்து லிட்டர் என்றால் பத்து கிலோ, அதை யார் முதுகிலும் ஏற்றக் கூடாது. வாய்க்குச் சற்றே கீழே ஒரு கறுப்புத் தட்டைப் பொருத்தி, அதில் இரண்டு விரற்கடை ஆழத்துக்குத் தண்ணீர் இருந்தால் போதும். அடி கறுப்பாக இருந்தால் வானம் அதில் நன்றாகப் பிரதிபலிக்கும். தண்ணீரை எவ்வளவு சாய்வாகப் பார்க்கிறோமோ அவ்வளவு பிரதிபலிப்பு கூடும் என்பதால், மிக உயரத்திலிருந்து எடுக்காமல், மேல் வரிசைப் பாதையில் நின்று கூடையின் வாய்க்குச் சிறிதே மேலாகக் கேமராவை வையுங்கள். லென்சின் முன் மாட்டும் போலரைசர் வடிகட்டி இருந்தால் கழற்றிவிடுங்கள். அது அந்தப் பிரதிபலிப்பையே குறைத்துவிடும். சுமப்பவர் ஏற்றத்தில் ஏறக் கூடாது, சமதளத்தில் அசையாமல் நிற்க வேண்டும். இல்லையெனில் கூடை சாய்ந்து தண்ணீர் கொட்டிவிடும். லென்சின் துளையைச் சுருக்கி, எஃப் 8 அல்லது 11-இல் முன்னும் பின்னும் கூர்மையாகப் பதியட்டும். உங்கள் 18–55 லென்ஸ் இதற்குத் தாராளம். தோட்டத்து மேலாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவதும் அவசியம்.

பாட்டியாக யார் நிற்பது? முகத்தைக் காட்டாதீர்கள் என்பதே என் யோசனை. கனவில் முகத்தைப் பார்க்காமலே இன்னார் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது அல்லவா? முதுகும் கூடையும் போதும். அம்மா சம்மதித்தால் அவரையே நிற்கச் சொல்லுங்கள். அந்தக் கூடையைக் கயிற்றில் மாட்டி நிற்கும் விதம் அவருக்குத்தான் தெரியும்.

வேறு கனவுகளையும் சேர்க்க விரும்பினால், விழித்தவுடன் கைப்பேசியைத் தொடாமல் எழுதுங்கள். 1953-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும், உறக்கத்தில் கண்கள் வேகமாக அசையும் கட்டங்கள் உண்டென்றும், அப்போது எழுப்பப்படுகிறவர்கள் பெரும்பாலும் கனவு கண்டதாகச் சொல்கிறார்கள் என்றும் பதிவுசெய்தார்கள். ஏறத்தாழ 90 நிமிடங்களுக்கு ஒரு முறை வரும் அந்தக் கட்டம், விடியலை நெருங்க நெருங்க நீளமாகிறது. விடியற்காலைக் கனவு நினைவில் தங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். கதையை எழுதுவதோடு நிறுத்திவிடாதீர்கள். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வந்தது, நீங்கள் நின்றீர்களா உட்கார்ந்திருந்தீர்களா, எந்தப் பொருள் அளவுக்கு மீறிப் பெரிதாக இருந்தது, எது இருக்க வேண்டிய இடத்தில் இல்லை என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அர்த்தம் தேட வேண்டாம். பல்லி விழும் பலன் போலக் கனவுக்கும் பலன் சொல்ல ஆள் இருக்கிறார்கள். ஒளிப்படக்காரருக்கு அது பயன்படாது.

மூடுபனியை அறவே விலக்கச் சொல்லவில்லை. அதை அலங்காரமாக அல்லாமல் கருவியாகப் பயன்படுத்த ஒரு வழி உண்டு: இரட்டைப் பதிவு. ஒரே சட்டகத்தில் இரண்டு காட்சிகளைப் பதிக்கும்போது, முதல் காட்சியில் வெளுத்துப்போன இடத்தில் இரண்டாவது காட்சி ஒட்டாது. இருண்ட இடத்தில்தான் அது தெரியும். மூடுபனியின் முன் ஒருவரை நிறுத்தி, அவர் கரிய நிழலுருவாகத் தெரியுமாறு முதற்பதிவைச் செய்துவிட்டு, அடுத்ததாகத் தேயிலைப் புதரையோ வீட்டுச் சுவரையோ பதித்தால், சுற்றிலும் வெண்மை அப்படியே இருக்க, அந்த மனித உருவுக்குள் மட்டும் புதர் வளரும். உங்கள் கேமராவில் இந்த வசதி இல்லாவிட்டால் கணினியில் இரு படங்களையும் அடுக்கிச் செய்யலாம். மூடுபனியை மட்டும் எடுக்கும்போது கேமராவின் ஒளிமானி ஏமாந்து அதைச் சாம்பல் நிறமாக்கிவிடும் என்பதால், வெளிச்சத்தை ஒரு ஸ்டாப் (அதாவது இரு மடங்காக) கூட்டிக் கொடுங்கள். குளிரில் எடுத்த கேமராவை அடுப்பெரியும் சமையலறைக்குள் நேரே கொண்டுவந்தால் லென்ஸ் வியர்க்கும். பையை மூடியபடியே அரைமணி நேரம் விட்டுவையுங்கள். நம் மலையில் லென்சுக்குப் பூஞ்சை பிடிப்பது சகஜம், காற்றுப்புகா டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைப்பது நல்லது.

பல படங்களை ஒன்றாக்குவதில் ஈடுபாடு வந்தால், அமெரிக்கரான ஜெர்ரி யூல்ஸ்மனின் படங்களைத் தேடிப் பாருங்கள். கணினி வருவதற்கு நெடுநாள் முன்பே, இருட்டறையில், நெகட்டிவைப் பெரிதாக்கித் தாளில் வீழ்த்தும் என்லார்ஜர் கருவிகள் பலவற்றை வரிசையாக வைத்து, ஒரே தாளை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தி, மரத்தையும் வீட்டையும் நீரையும் ஒரே படமாக்கியவர் அவர். ஒட்டுப்போட்ட இடம் எது என்று நம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. ஒவ்வொரு துண்டிலும் வெளிச்சம் ஒரே திசையிலிருந்து வருவதும், கேமராவின் உயரம் ஒத்துப்போவதும்தான் இப்படிப்பட்ட படங்களை நம்ப வைக்கின்றன. நம்மவர்களின் கூட்டுப் படங்களில் பெரும்பாலும் தவறுவது இந்த இரண்டுமே.

செயலியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அது தரும் தேயிலைத் தோட்டம் எல்லோருடைய தேயிலைத் தோட்டமாகவும் இருக்கும். உங்கள் லைன் வீட்டின் தகரக் கூரை அதில் இருக்காது. வரைவுப் படமாகப் பயன்படுத்திக்கொள்ளுங்கள், போட்டிக்கு அனுப்பாதீர்கள்.

அம்மாவின் மறுப்பை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. தூங்கும் குழந்தையை ரசித்துப் பார்க்கக் கூடாது, கண்பட்டுவிடும் என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. அதற்கும் மேல், இறந்தவரை நாற்காலியில் அமர்த்திப் படமெடுத்து மாட்டும் வழக்கம் தமிழ்நாட்டில் நெடுங்காலம் இருந்தது. கண் மூடிய முகத்தின் படம் என்றாலே முந்தைய தலைமுறைக்கு நினைவு அங்கேதான் போகும். மேலும், தூங்குகிறவரால் வேண்டாம் என்று சொல்ல முடியாது. முந்தின நாளே கேட்டுச் சம்மதம் பெற்று, எடுத்ததை மறுநாள் காட்டி, வேண்டாமென்றால் அழித்துவிடுவது என்பது குறைந்தபட்ச நேர்மை. வேலைக் களைப்பில் பேருந்திலோ மர நிழலிலோ கண்ணயர்ந்தவர்களை எடுப்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. யார் மனதையும் வருத்தாத வழி ஒன்று உண்டு: உங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். வியன்னாவில் பவுல் ஷ்னெகன்பர்கர் என்பவர், இரவு முழுவதும், ஆறு மணி நேரம், கேமராவைத் திறந்தே வைத்து மெழுகுவத்தி வெளிச்சத்தில் உறங்கும் இணையர்களைப் பதிவுசெய்தார். புரண்டு புரண்டு படுத்த உடல்கள் ஒன்றில் ஒன்று கரைந்து தெரிய, அசையாத படுக்கையறைச் சாமான்கள் மட்டும் கூர்மையாக நிற்கும். டிஜிட்டல் கேமராவில் அவ்வளவு நேரம் ஒரே பதிவாகத் திறந்து வைத்தால் புள்ளிகள் நிறைந்துவிடும்; ஜீரோ வாட் பல்பு வெளிச்சத்தில் 30 வினாடிப் பதிவுகளாகத் தொடர்ந்து எடுத்து, கணினியில் அவற்றின் சராசரியை ஒரே படமாக்கலாம். குளிரில் பேட்டரி சீக்கிரம் தீரும் என்பதை மறக்க வேண்டாம். இங்கே மங்கல் வருகிறது என்பதைக் கவனியுங்கள். ஆனால் அது உடல் அசைந்ததால் வந்த மங்கல், அழகுக்காகச் சேர்த்தது அன்று.

தாத்தாவின் தாள் பெட்டியைப் பற்றிப் படித்தபோது மகிழ்ந்தேன். உதகையின் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1960-இல் நிறுவப்பட்டு, 1967-இல் உற்பத்தியைத் தொடங்கியது. 'இந்து' என்ற பெயரில் வந்த அதன் பிலிமையும் தாளையும் நாடெங்கும் ஸ்டூடியோக்கள் பயன்படுத்தின. இப்போது ஆலை மூடப்பட்டுவிட்டது. பழைய தாளில் வழக்கமான பிரதி எடுத்தால் மூட்டம் தட்டிச் சாம்பல் பூத்து வரலாம். வெயிலிலேயே தாளில் உருவத்தைப் பதியவைக்கும் லூமன் பிரதிக்கு அந்தக் குறை தடையில்லை. மங்கிய வெளிச்சத்தில் ஒரு தாளை எடுத்து, அதன்மேல் ஈரக் கொழுந்துகளைப் பரப்பி, கண்ணாடியால் அழுத்தி, அரைமணி முதல் சில மணி நேரம் வெயிலில் வையுங்கள். உருவத்தை வெளிக்கொணரும் டெவலப்பர் திரவமே இல்லாமல் தாள் இளஞ்சிவப்பாகவும் ஊதாவாகவும் பழுப்பாகவும் மாறும். இலை மறைத்த இடம் வெளிறி நிற்கும். ஈரம் பட்ட இடத்தில் என்ன நிறம் வரும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போ கரைசலில் போட்டால் அந்த நிறங்கள் வெகுவாக மாறிவிடும் என்பதால், அதற்கு முன்பே ஒரே ஒருமுறை ஸ்கேன் செய்துகொள்ளுங்கள். பிறகு ஹைப்போவில் நிலைநிறுத்தி, ஓடும் நீரில் நன்றாகக் கழுவுங்கள். பெட்டியை ஒருபோதும் பகலில் திறந்து பார்க்க வேண்டாம். தேவையான தாள்களை இரவில், விளக்கணைத்த அறையில் எடுத்துக் கறுப்பு உறைக்கு மாற்றிவிடுங்கள். பயன்படுத்திய ஹைப்போவில் வெள்ளி கரைந்திருக்கும். அதை லைன் வீட்டுக் கால்வாயில் ஊற்றினால் ஓடைக்குத்தான் போய்ச் சேரும் என்பதால், ஒரு கேனில் சேர்த்துவைத்து, எக்ஸ்ரே கழிவிலிருந்து வெள்ளி பிரிப்பவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.