கன்னே போர்ல செத்தவங்க எத்தனை பேர்? வார்ஃபேர் பேப்பர் எடுத்த மாணவிக்கு ஒரு பதில்

கேள்வி: பி.ஏ. ஹிஸ்டரி செகண்ட் இயர் படிக்கறேன். எலெக்டிவா பண்டைய, இடைக்கால போர் வரலாறு எடுத்திருக்கேன், சீனியர்ஸ் ஈஸி பேப்பர்னு சொன்னாங்க. இப்ப பார்த்தா போலிபியஸ், லிவி, ஹெரோடோட்டஸ்னு பழங்கால கிரேக்க, ரோமானிய வரலாற்றாசிரியர்களா ரீடிங் லிஸ்ட் நீண்டுட்டே போகுது, செமஸ்டர் முடியறப்ப 3,000 வார்த்தைல ஒரு கட்டுரை வேற குடுக்கணும். எனக்கு லத்தீனும் தெரியாது கிரீக்கும் தெரியாது. "கன்னே போரில் ஹன்னிபாலின் வியூகம்"னு தலைப்பு வெச்சுக்கலாமா? எங்கிருந்து ஆரம்பிக்கறது?

பதில்: சீனியர் சொன்னத நம்பி எலெக்டிவ் எடுக்காதவங்க யாரு, அத விடுங்க. மொழிய பத்தி முதல்ல சொல்லிடறேன், பி.ஏ. அளவுக்கு இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு தாராளமா போதும். பெர்சியஸ் டிஜிட்டல் லைப்ரரில இந்த மூணு பேரும் ஃப்ரீயா கிடைப்பாங்க, இடைக்காலத்துக்கு ஃபோர்டம் யுனிவர்சிட்டியோட இன்டர்நெட் மெடீவல் சோர்ஸ்புக் இருக்கு. காசு செலவு பண்ணி எதுவும் வாங்காதீங்க.

தலைப்புதான் பிரச்சனை. கன்னேங்கறது இத்தாலில, வட ஆப்பிரிக்காவோட கார்தேஜ் நகர அரசின் தளபதி ஹன்னிபால் ரோம் படைய நசுக்கின போர். நான் இந்த பேப்பர் நடத்தற ஒவ்வொரு வருஷமும் கன்னே வியூகம்னு நாலு கட்டுரையாவது வரும், நாலுலயும் அதே படம், நடுவுல காலியர்கள்ங்கற கெல்டிக் இனத்தவங்களும் ஸ்பானியர்களும் பிறை மாதிரி வளைஞ்சு நிக்க, ரெண்டு பக்கமும் ஆப்பிரிக்கப் படை, பின்னாடி சுத்தி வர்ற குதிரைப்படை. அந்தப் படம் எல்லா புத்தகத்துலயும் இருக்கு, நீங்க புதுசா சொல்ல அதுல ஒண்ணும் மிச்சமில்ல. கன்னேவையே வெச்சுக்கங்க, ஆனா கேள்விய மாத்துங்க.

கி.மு. 216ல நடந்த அந்தப் போர்ல ரோம் தரப்புல எத்தனை பேர் செத்தாங்கன்னு பாருங்க. போலிபியஸ் காலாட்படைல மட்டும் 70,000ங்கறார். லிவி 45,500 காலாட்கள், 2,700 குதிரைவீரர்கள், ஆக 48,200ங்கறார். பொதுவா போலிபியஸ்தான் நம்பகமானவர்னு வகுப்புல சொல்லியிருப்பாங்க, லிவி கொஞ்சம் கதை விடுவார்னும் சொல்லியிருப்பாங்க, சரிதான், ஆனா இங்க ஒரு கூட்டல் கணக்கு போட்டுப் பாருங்க. போலிபியஸ் கணக்குல 70,000 பேர் சாவு, 10,000 பேர் பிடிபட்டாங்க, 3,000 பேர் தப்பிச்சாங்க, மொத்தம் 83,000 ஆச்சு. அவரே கொஞ்சம் முன்னாடி ரோமோட காலாட்படை மொத்தமே 80,000 பேர்னு எழுதியிருக்கார்! அது போக, தப்பிச்சு வந்தவங்கள தண்டனை மாதிரி சிசிலிக்கு அனுப்பி ரெண்டு லீஜியன் (ஒவ்வொண்ணும் பல ஆயிரம் பேர் இருக்கற ரோமானியப் படைப்பிரிவு) வெச்சாங்கன்னு லிவி சொல்றார், வெறும் 3,000 பேர வெச்சு ரெண்டு லீஜியன் எப்படி வரும்? அப்ப இந்த ஒரு விஷயத்துல லிவிதான் பொருந்தறார். இத நீங்களே கண்டுபிடிச்ச மாதிரி ரெண்டு பக்கம் எழுதினாலே கட்டுரைல பாதி முடிஞ்சுது.

இன்னும் ஒண்ணு இருக்கு. அன்னைக்கு ரோம் படைக்கு ரெண்டு கான்சல் (ரோமோட உச்சப் பதவில இருக்கற தலைவர்கள்), ஏமிலியஸ் பவுலஸ், வாரோ. போலிபியஸ படிச்சா பவுலஸ் நிதானமானவர், வாரோ அவசரக்குடுக்கை, பழி மொத்தமும் வாரோ தலைல. ஏன்னு கேட்டா, போலிபியஸ் ரோமுக்குப் பிணைக்கைதியா வந்தப்ப அவர ஆதரிச்சது பவுலஸோட வாரிசுகள்தான், அந்த வீட்டுப் பேரன் சிப்பியோ ஏமிலியானஸ்தான் அவருக்கு நெருங்கின சிநேகிதன். சாப்பிட்ட வீட்டத் தப்பா எழுத முடியுமா? அவர் பொய் சொல்றார்னு நான் சொல்லல, அவருக்கு யார் சொல்லியிருப்பாங்கன்னு யோசிக்கச் சொல்றேன்.

அடுத்தது சோறு. நான் மாணவர்களுக்கு முதல் வாரமே சொல்றது இதுதான், எந்தப் போரா இருந்தாலும் வாளு, ஈட்டி, யானைக்கு முன்னாடி சாப்பாட்டுக் கணக்கப் போடுங்க. ஹன்னிபால்கிட்ட 40,000 காலாட்படை, 10,000 குதிரைப்படை. ஆளுக்கு ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட ஒரு கிலோ தானியம்னா 50 டன். ஒரு கோவேறு கழுதை 100 கிலோ சுமக்கும்னு வெச்சா ஒரு நாள் சாப்பாட்டுக்கே 500 கழுதை, பத்து நாளைக்கு 5,000, அந்த 5,000மும் வாய் இருக்கற ஜீவன்கள், அதுங்களுக்கும் தீனி வேணும், குதிரைங்களுக்கு தனி. சுமந்துட்டுப் போய் கட்டுப்படியாகாது, போற இடத்துல எடுத்துக்கணும். இப்ப போலிபியஸ திரும்பத் திறங்க. அறுவடை சமயத்துல ஹன்னிபால் கிளம்பிப் போய் பிடிச்சது கன்னே கோட்டையத்தான், அங்கதான் ரோமானியர்கள் சுத்துவட்டாரத்து தானியத்தக் கொண்டுவந்து குவிச்சிருந்தாங்க. குதிர் எதிரி கைக்குப் போயிடுச்சு, அதான் ரோம் படை சண்டைக்கு வந்தே ஆகவேண்டிய நிலைமை. வியூகம் வியூகம்னு பேசறவங்க இந்த ஒரு பக்கத்தத் தாண்டிப் போயிடறாங்க, எனக்கு என்னமோ பிறை வடிவத்த விட இதுதான் சுவாரஸ்யம்.

ஹெரோடோட்டஸயும் இதே மாதிரிதான் படிக்கணும். கிரீஸ் மேல படையெடுத்த பாரசீக மன்னன் செர்க்சஸோட படைய எண்ணினது எப்படின்னா, 10,000 பேர நெருக்கி நிக்க வெச்சு சுத்தி கோடு போட்டு, அதுமேல தொப்புள் உயரத்துக்கு சுவர் கட்டி, அந்த வளையத்த நிரப்பி நிரப்பி வெளிய விட்டு எண்ணினாங்களாம், 17 லட்சம் காலாட்கள் வந்ததாம். படிக்க அருமையா இருக்கும். ஹான்ஸ் டெல்ப்ரூக்னு ஒரு ஜெர்மன் வரலாற்றாசிரியர் இத நக்கலடிச்சார், அவ்ளோ பேர் வரிசையா நடந்தா முன்வரிசை கிரீஸ்ல இருக்கற தெர்மோபைலே போய் சேரறப்ப கடைசி வரிசை பாரசீகத் தலைநகர் சூசாவ விட்டே கிளம்பியிருக்காதுன்னு.

இடைக்காலத்துக்கு வந்தா ஆதாரமே வேற ரகம். 1415ல இங்கிலாந்து பிரான்ஸ தோற்கடிச்ச அஜின்கோர்ட் போருக்கு சம்பளப் பட்டியலே இருக்கு, எந்த கேப்டனுக்குக் கீழ எத்தனை வில்லாளின்னு பேரோட பார்க்கலாம், 1369லேர்ந்து 1453 வரைக்குமான இங்கிலாந்து வீரர்கள் டேட்டாபேஸ் ஆன்லைன்ல ஃப்ரீ. எலும்பும் பேசும். ஸ்வீடன் பக்கம் காட்லண்ட் தீவுல விஸ்பின்னு ஒரு ஊர், 1361ல நடந்த சண்டைல செத்தவங்கள குழில போட்டு மூடியிருந்தாங்க, தோண்டினப்ப 1,100 பேருக்கு மேல, நிறைய வெட்டு முழங்காலுக்குக் கீழ. கேடயம் மறைக்காத இடம் கால்தானே. இந்த மாதிரி விவரம் எந்தக் கவிஞரும் எழுதமாட்டார்.

நம்ம பக்கத்துல எதாவது பண்ணலாமான்னு நீங்க கேக்கல, ஆனா மனசு மாறினா சொல்றேன், அரக்கோணம் பக்கத்துல தக்கோலம், 949. சோழ இளவரசர் ராஜாதித்தர் ராஷ்டிரகூட மன்னன் மூணாம் கிருஷ்ணனோட படைகிட்ட தோத்து செத்தார். சோழர் தரப்பு ஆனைமங்கலம் செப்பேடு பல பத்து வருஷம் கழிச்சு எழுதினது, யானை மேல இருந்தபடியே வீர மரணம், நேரா சொர்க்கம்னு முடிச்சுடும். கொன்னது கிருஷ்ணன் பக்கம் நின்ன கங்க மன்னன் பூதுகன்னு சொல்றது அந்தப் போர் நடந்த சமயத்துலயே வெட்டின ஆதகூர் கல்வெட்டு. அது யாருக்கு வெச்ச கல்லு தெரியுமா? காட்டுப்பன்றியோட சண்டை போட்டு செத்த காளிங்கற வேட்டை நாய்க்கு! நாயோட எஜமானன் பூதுகனோட ஆள், அந்த சாக்குல போர்க் கதையும் கல்லுல ஏறிடுச்சு. கல்வெட்டு, செப்பேடுகள தொகுத்து வெளியிட்ட எபிகிராஃபியா இண்டிகாவோட பழைய வால்யூம்கள் ஆர்கைவ் தளத்துல இருக்கு, இங்கிலீஷ் மொழிபெயர்ப்போட.

கன்னே, தக்கோலம் ரெண்டையும் சேர்த்து எழுதப் பார்க்காதீங்க, 3,000 வார்த்தை சீக்கிரம் தீர்ந்துடும். ஒரு போர், முரண்படற ரெண்டு சாட்சி, ஒரு சாப்பாட்டுக் கணக்கு, அவ்ளோதான் கட்டுரை. ஏற்கனவே தலைப்பு குடுத்துட்டீங்கன்னா உங்க புரொஃபசர்கிட்ட போய் மாத்திக்கறேன்னு கேளுங்க, போறப்ப ஒரு துண்டு பேப்பர்ல 70,000, 48,200னு ரெண்டு நம்பரையும் எழுதிட்டுப் போய் காட்டுங்க, முடியாதுன்னு சொல்லமாட்டார்.