ஆர்.சி. அண்ணன் பெயரில் இருந்தால் அறுவடை இயந்திரத்தில் தம்பிக்குப் பங்கு கிடையாதா?

கேள்வி: நானும் அண்ணனும் சேர்ந்து நெல் அறுவடை இயந்திரம் வாங்கினோம். முன்பணத்தில் பாதியை என் வங்கிக் கணக்கிலிருந்து அனுப்பினேன். ஆர்.சி., கடன் இரண்டும் அண்ணன் பெயரில். வாடகை வருமானத்தில் தவணை போக மீதியைப் பங்கிட்டுக்கொண்டோம். சீசன்தோறும் பெல்ட், பேரிங், கத்தி மாற்றி வண்டியைப் பராமரித்தது நான்தான். இப்போது விற்கப்போவதாகவும், எனக்குப் பங்கில்லை என்றும் சொல்கிறார். கூடப்பிறந்தவரைக் கோர்ட்டுக்கு இழுக்க மனம் வரவில்லை. என்ன செய்வது?

பதில்: ஆர்.சி.யில் பெயர் இல்லை என்பதாலேயே உங்கள் பங்கு போய்விடாது. விபத்து நடந்தால் இழப்பீட்டுக்குப் பொறுப்பாளர் யார் என்பதற்கு அந்தப் பெயர் முக்கியம். உங்கள் இருவருக்குள் யார் பணம் போட்டது, என்ன பேசி வாங்கினீர்கள் என்பதை உரிமையியல் நீதிமன்றம் தனியாக விசாரிக்கும்.

நான் கவலைப்படுவது வேறொன்றுக்கு. 'பணம் என்னுடையது, பெயர் மட்டும் அண்ணனுடையது' என்று வழக்குப் போட்டால், எதிர்த்தரப்பு உடனே பினாமித் தடைச் சட்டத்தைக் கையில் எடுக்கும். பினாமியாக வைத்திருக்கும் சொத்தைக் கேட்டு வழக்குத் தொடர அந்தச் சட்டத்தின் 4-வது பிரிவு தடை போடுகிறது. அசையும் பொருளுக்கும் இது பொருந்தும். உடன்பிறந்தவர்களுக்கு விலக்கு உண்டு, ஆனால் ஏதாவது ஓர் ஆவணத்தில் இருவர் பெயரும் கூட்டு உரிமையாளர்களாக இருக்க வேண்டும். அதனால் கொட்டேஷன், பில், பழைய ஒப்பந்தத் தாள் எதையும் விடாமல் தேடுங்கள்.

அப்படி எதுவும் கிடைக்காவிட்டால், கூட்டுத்தொழில் என்ற வழியில் போகலாம். வருமானத்தைப் பங்கிட்டதால் மட்டும் அது கூட்டாண்மை ஆகிவிடாது என்று 1932-ம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டமே சொல்கிறது. இங்கேதான் உங்கள் பராமரிப்புக் கணக்கு உதவும். பேரிங் வாங்கிய ரசீது தனியாக உரிமை தராது. ஆனால் ரசீதுகள், மெக்கானிக்குக் கொடுத்த கூலி, எத்தனை மணி நேரம் ஓடியது என்று எழுதிய நோட்டு, அண்ணனுடன் பேசிய வாட்ஸ்அப் எல்லாம் சேர்ந்தால், இருவரும் ஒரே தொழிலை நடத்தினீர்கள் என்பது தெரியும். கூட்டாண்மையைப் பதிவு செய்யாவிட்டாலும், அதைக் கலைத்துக் கணக்குக் கேட்க அதே சட்டத்தின் 69-வது பிரிவு இடம் தருகிறது. கலைந்துவிட்டால் 3 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும்.

விற்பனையை நிறுத்துவதுதான் இப்போது அவசரம். கடன் பாக்கி இருந்தால், கடன் கொடுத்தவர் சம்மதமின்றி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பெயர் மாறாது. அந்த வங்கிக்கு இன்றே எழுத்தில் தெரிவியுங்கள். கடன் முடிந்திருந்தால் தாமதிக்காமல் இடைக்காலத் தடை உத்தரவு கேட்க வேண்டும்.

உங்கள் மனக்கஷ்டம் புரிகிறது. தடை உத்தரவுக்கு அவசரமில்லை என்றால், கோர்ட்டுக்குப் போகும் முன் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள். அது நடத்தும் லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) சமரசம் ஆனால் அது தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது. அங்கே போகும்போது ரசீதுகளைத் தேதிவாரியாக அடுக்கி, நோட்டின் நகலோடு எடுத்துப் போங்கள்.