பல் மருத்துவர் பதில்கள்: வலி நின்ற பல், வந்து போகும் கொப்புளம்

கேள்வி: கீழ்க் கடைவாய்ப் பல் இரண்டு வாரம் உயிரை வாங்கிவிட்டு, வலி தானாக நின்றது. இப்போது ஈறில் கடுகளவு கொப்புளம் வருகிறது, உடைகிறது. மருந்துக்கடை மாத்திரைக்கு அமுங்கித் திரும்ப எழும்புகிறது. டாக்டர் ரூட் கெனாலும் கேப்பும் வேண்டும் என்கிறார். பிடுங்கிவிட்டால் செலவு மிச்சம்தானே?
– வாசகர், மேலூர்

பதில்: பல்லுக்குள் இருந்த நரம்பு செத்ததால் வலி நின்றிருக்கிறது. கிருமி அங்கேயேதான் இருக்கிறது. வேர் நுனி வழியாக எலும்பில் இறங்கிச் சீழ் கட்டுகிறது. அது வெளியேறும் வாசல்தான் கொப்புளம். மாத்திரை ரத்தத்தோடு போகிற மருந்து. செத்த பல்லுக்குள் ரத்த ஓட்டம் ஏது? வீக்கம் வற்றும், ஊற்று வற்றாது.

ரூட் கெனாலில் மரத்துப்போக ஊசி போட்டு, பல்லைச் சுற்றி ரப்பர் ஷீட் மாட்டி, மேலே துளையிட்டு, ஃபைல் என்னும் மெல்லிய கம்பியால் வேர்க் குழாய்களைச் சுரண்டி, சோடியம் ஹைப்போகுளோரைட் என்னும் கிருமிநாசினியால் அலசுவார்கள். கீழ் முதல் கடைவாய்ப் பல்லில் பெரும்பாலும் 2 வேர், 3 குழாய், சிலருக்கு 4. ஒன்றை விட்டுவிட்டாலும் கொப்புளம் திரும்பும். முடிந்ததும் எக்ஸ்ரேயைக் காட்டச் சொல்லுங்கள். குழாய்களை நிரப்பும் ரப்பர் போன்ற பொருளான கட்டா பெர்ச்சா அதில் வெள்ளைக் கோடாகத் தெரியும், அது வேர் நுனிக்கு 2 மி.மீ.க்குள் வந்திருக்க வேண்டும்.

சீழ் இருப்பதால், நிரப்புவதற்கு முன் கால்சியம் ஹைட்ராக்சைடு என்னும் கிருமிக்கொல்லி மருந்தைக் குழாய்க்குள் வைத்து ஓரிரு வாரம் கழித்து வரச் சொல்லலாம். இழுத்தடிக்கிறார் என்று நினைக்காதீர்கள். வலி இல்லையே என்று தற்காலிக சிமெண்டோடு காணாமல் போகிறவர்கள் பலர். அது தேய்ந்து எச்சில் உள்ளே இறங்கினால் பட்ட பாடெல்லாம் வீண். கேப்பும் அலங்காரமில்லை. குடைந்தது போக மிஞ்சுவது மெல்லிய சுவர். நல்லி எலும்பைக் கடித்த அன்றைக்கு இரண்டாகப் பிளக்கலாம். பிளவு வேருக்குப் போனால் பிடுங்கத்தான் வேண்டும்.

பிடுங்கினால் செலவு தள்ளிப்போகும், அவ்வளவுதான். பக்கத்துப் பல் சாயும், மேல் பல் இறங்கும். பக்கத்துப் பற்களைத் தாங்கலாக வைத்துக் கட்டும் பிரிட்ஜுக்கு இருபுறமும் நல்ல பற்களைத் தேய்க்க வேண்டும். தாடை எலும்பில் திருகாணி பதித்துப் பல் கட்டும் இம்பிளாண்ட் முடியப் பல மாதமாகும். கழற்றி மாட்டும் பல் மலிவு, மெல்லும் பலம் குறைவு. ஈறுக்குக் கீழே உடைந்த பல், ஆட்டம் கண்ட பல் என்றால் பிடுங்குவதே சரி. கையில் பணமில்லை என்றால் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையின் பல் பிரிவில் கேட்டுப் பாருங்கள். சர்க்கரை இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தாடை வீங்கி, வாய் திறக்கவோ விழுங்கவோ முடியாமல் போனால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. வீக்கம் மூச்சுக்குழாயை நெருக்கிவிடும்.

கேள்வி: மகனுக்கு 19 வயது. 8 வயதில் விழுந்து அடிபட்ட மேல் முன்பல் சாம்பல் நிறமாகிவிட்டது. வலி இல்லை. அதில் கைவைத்தால் கண் போய்விடும் என்கிறார் பாட்டி. கேப் போட்டு மறைக்கலாமா?
– வாசகி, உசிலம்பட்டி

பதில்: பார்வை நரம்பு வேறு, பல் நரம்பு வேறு, பாட்டியிடம் தைரியமாகச் சொல்லுங்கள். நிறத்தை மட்டும் வைத்துப் பல் செத்தது என்று முடிவுகட்ட முடியாது. பக்கத்துப் பல்லுக்குக் குளிர்ச்சி உறைத்து இதற்கு உறைக்காவிட்டால் சந்தேகம் வலுக்கும், எக்ஸ்ரே கட்டாயம். 8 வயதில் அந்தப் பல்லின் வேர் முழுதாக வளர்ந்திருக்காது. அப்போதே செத்திருந்தால் நுனி அகலமாகத் திறந்தே நிற்கும், எம்.டி.ஏ. என்ற சிமெண்டால் முதலில் அதை அடைத்துவிட்டே வேரை நிரப்புவார்கள். பிறகு உள்ளிருந்தே ப்ளீச் செய்தால் பெரும்பாலும் நிறம் தெளியும், கேப் தேவைப்படாது.