செல்லுக்குள் ஒளிந்த வைரஸை டி செல் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கொலையாளி டி செல் என்பது வெள்ளையணுக்களில் ஒரு வகை. வைரஸ் தொற்றிய நம் செல்களைத் தேடி அழிப்பது அதன் வேலை. சிக்கல் என்னவென்றால், வைரஸ் உள்ளே இருக்கிறது, டி செல் வெளியே நிற்கிறது.

திருநெல்வேலியில் அல்வா வாங்கப் போனால் யாரும் அடுப்படிக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. வாழையிலைத் துண்டில் ஒரு விள்ளல் தருவார்கள். வாயில் போட்டதுமே உள்ளே கிண்டியது நெய்யிலா டால்டாவிலா என்று தெரிந்துவிடும். செல்லும் அப்படித்தான். தனக்குள் உருவாகும் புரதங்களில் கொஞ்சத்தை நறுக்கி, பெரும்பாலும் 8 முதல் 10 அமினோ அமில நீளத் துணுக்குகளாக, எம்எச்சி என்ற புரதத்தில் ஏந்தி மேற்பரப்பில் வைக்கிறது. எம்எச்சிதான் அந்த இலைத்துண்டு. நலமான செல்லும் ஓயாமல் இதைச் செய்கிறது. வைரஸ் புகுந்தால் அதன் புரதத் துணுக்கும் அதே வழியில் வெளியே வந்து காட்டிக்கொடுத்துவிடும்.

துணுக்கும் எம்எச்சியும் சேர்ந்து தன் ஏற்பிக்கு, அதாவது தன் மேற்பரப்பில் உள்ள அடையாளம் காணும் புரதத்துக்கு, பொருந்தினால்தான் டி செல் கண்டுபிடிக்கும். இதைக் கண்டறிந்த விஞ்ஞானிகள் டோஹெர்ட்டிக்கும் சிங்கர்நாகலுக்கும் 1996இல் நோபல் பரிசு கிடைத்தது. நம் சொந்தத் துணுக்குகளை இறுகப் பிடிக்கும் டி செல்களில் பெரும்பாலானவை அவை முதிரும் இடமான தைமஸ் சுரப்பியிலேயே கழிந்துவிடும்.

சில வைரஸ்கள் பலே கில்லாடிகள், எம்எச்சியையே வெளியே வரவிடாது. சரி, தப்பித்துவிடுமா? எம்எச்சி குறைந்த செல்லைத் தாக்க இயற்கைக் கொலையாளி செல்கள் என்ற வேறு வகை வெள்ளையணுக்கள் இருக்கின்றன.

பலர் நினைப்பதுபோல டி செல் வைரஸை நேரடியாகக் கொல்வதில்லை. வைரஸ் பெருகும் நம் செல்லைத்தான் சாகடிக்கிறது.