நன்றாகச் சூடாக்கிய சோறு ஏன் வாந்தி எடுக்க வைத்தது?

கேள்வி: இரவு வடித்த சோறு மிஞ்சியதால் மூடி மேடையிலேயே வைத்துவிட்டேன். காலையில் அதில் எலுமிச்சை சாதம் கிளறி, ஆவி பறக்கச் சூடாக்கித்தான் சாப்பிட்டோம். ஊசல் வாடையே இல்லை. இரண்டு மணி நேரத்தில் எனக்கும் மகனுக்கும் வாந்தி, மாலைக்குள் சரியாகிவிட்டது. சூடாக்கியும் எப்படி வந்தது? மீதி ஃப்ரிட்ஜில் இருக்கிறது, பரிசோதிக்கலாமா?

பதில்: சோறு, இரவெல்லாம் வெளியே இருந்தது, இரண்டே மணி நேரத்தில் வாந்தி. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் என் சந்தேகம் முதலில் பேசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் மேல்தான் விழும். 1970களில் பிரிட்டனில் சீன உணவகங்களின் ஃபிரைடு ரைஸ் சாப்பிட்டவர்களுக்கு அடுத்தடுத்து வாந்தி வந்தபோது பிடிபட்டதும் இதுதான். அங்கேயும் கதை ஒன்றே: மொத்தமாக வடித்து, வெளியிலேயே ஆறவிட்டு, பிறகு வதக்கிப் பரிமாறினார்கள்.

மண்ணிலிருந்து அரிசியோடு வரும் இதன் வித்துகள் (கெட்டியான உறைக்குள் உறங்கும் பாக்டீரியா) சோறு கொதிப்பதைத் தாங்கிவிடும். சோறு வெதுவெதுப்பாக ஆறும்போது முளைத்துப் பெருகி, சீரியூலைடு என்ற நச்சை விட்டுவைக்கும். நீங்கள் காலையில் சூடாக்கியபோது பாக்டீரியா செத்திருக்கும், நச்சு சாகவில்லை. 121 டிகிரியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வைத்தாலும் அது அசையாது.

காரணம் அதன் அமைப்பு. சாதாரணப் புரதம் அமினோ அமிலங்கள் கோத்த நீளமான நூல் மாதிரி. சூட்டில் அதன் மடிப்பு குலைந்துவிடும், நம் செரிமான நொதிகளும் அதை நறுக்கிவிடும். சீரியூலைடோ 12 துண்டுகள் கோத்த சின்ன வளையம். நான்கு துண்டுகள் கொண்ட ஒரே வரிசை மூன்று முறை வருகிறது. நுனி இல்லாததால் நுனியிலிருந்து கடிக்கும் நொதிகளுக்குப் பிடி கிடைப்பதில்லை. துண்டுகளில் பாதி அமினோ அமிலமே இல்லை என்பதால் மற்ற நொதிகளுக்கும் அது பழக்கமில்லாத பொருள். அமிலமும் அதை உடைக்காது. எலுமிச்சையை இரவே பிழிந்திருந்தால் பாக்டீரியாவின் வளர்ச்சி கொஞ்சம் தடைபட்டிருக்கலாம். காலையில் பிழிந்தது ருசிக்கு மட்டும்தான். வளையத்தின் நடுவில் பொட்டாசியம் அயனி கச்சிதமாக உட்காரும், வெளிப்பக்கம் எண்ணெய்த் தன்மை. அதனால் பொட்டாசியத்தைச் சுமந்தபடி செல் சவ்வுகளுக்குள் நழுவிப் போய்விடும். வாந்தி வருவது, வயிற்றிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பை அது தூண்டுவதால்.

சரி, பரிசோதனை. சோற்றைச் சாதாரண நுண்ணுயிர் பரிசோதனைக்குக் கொடுத்தால் பாக்டீரியாவைத்தான் எண்ணுவார்கள். சூடாக்கிய சோற்றில் அந்த எண்ணிக்கை குறைவாக வந்து, நச்சு அப்படியே இருக்கலாம். பிசிஆர் செய்தால் நச்சு செய்யும் மரபணு இருக்கிறதா என்று தெரியும், நச்சு உண்டானதா என்று தெரியாது. இதேபோல் சீக்கிரம் வாந்தி வரவைக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற இன்னொரு பாக்டீரியாவின் நச்சு பெரிய புரதம், அதை எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) கிட்டிலேயே பிடிக்கலாம். சீரியூலைடு சின்னது, அதற்கு எதிர்ப்பொருள் உண்டாக்குவது கடினம். நம்பகமான வழி, கரைப்பானில் பிரித்தெடுத்து மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரியில் மூலக்கூறை எடை போடுவது. ஐஎஸ்ஓ 18465 என்ற சர்வதேசத் தர முறையே இதற்கு இருக்கிறது. எல்லா லேபிலும் இந்த வசதி இருக்காது. 'சீரியூலைடு அளப்பீர்களா' என்று பெயர் சொல்லியே கேளுங்கள். இரண்டு பேரும் தேறிவிட்ட நிலையில் நானாக இருந்தால் அந்தச் செலவு செய்யமாட்டேன். கல்யாணப் பந்தியில் ஐம்பது பேருக்கு வந்திருந்தால் பேச்சே வேறு.

இனிமேல் மிஞ்சும் சோற்றைத் தட்டில் பரப்பி ஆறவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வையுங்கள். குண்டானோடு வைத்தால் நடுச்சோறு மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும். நீரூற்றிய பழைய சோற்றில் புளிப்பு ஏற ஏற இந்தப் பாக்டீரியாவுக்கு வளர்வது சிரமம்தான், ஆனாலும் அதை முழுப் பாதுகாப்பு என்று சொல்லமாட்டேன்.

மகனுக்கு மறுபடி வாந்தி நிற்காமல் வந்தாலோ, அசந்து தூங்கிக்கொண்டே இருந்தாலோ, கண் மஞ்சளித்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அரிதாக இந்த நச்சு கல்லீரலைத் தாக்கி உயிரிழப்பு வரை போனதுண்டு. ஃப்ரிட்ஜில் இருக்கும் மீதியைக் கொட்டிவிடுங்கள், நாய்க்கும் போட வேண்டாம்.